முப்பது பவுண்டு காற்று

எனக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் அன்று ஒரு சைக்கிள் டயரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லியிருப்பேனா?

எழுபத்தெட்டில், புனே கட்கியில் ஒரு பள்ளியில் நான் தற்காலிக அறிவியல் டீச்சர். தலைமையாசிரியை என் வகுப்பில் வந்து உட்காருவார். பாடம் பிடித்தால் வேலை நிரந்தரம், பிடிக்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம். இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

பாடம், அழுத்தம். டயர் தரையில் எவ்வளவு இடத்தைத் தொடுகிறதோ, அதை உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தால் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று கணக்கு) பெருக்கினால் சைக்கிளும் ஆளும் சேர்ந்த எடை ஏறக்குறைய வந்துவிடும். காலையில் என் வீட்டுக்காரர் பக்கத்துப் போபோடியில் ஒரு சைக்கிள் கடையில் என் சைக்கிளுக்குக் காற்றடித்து வந்து, "நாப்பது பவுண்டு, கரெக்டா இருக்கு. பயப்படாம போ" என்றார். (பயப்படாமலாம். அவருக்கென்ன, ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார்.)

டயர்களில் மை தடவி, அடியில் கட்டம் போட்ட தாளை வைத்து, ஒல்லியாக ஒரு மாணவியைத் தேடினேன். அதற்குள் தலைமையாசிரியை எழுந்துவிட்டார். முப்பது வருடமாகப் புடவையில் சைக்கிள் மிதிக்கும் புனேக்காரி; நல்ல ஆகிருதி. இரண்டு மாணவிகள் பிடித்துக்கொள்ள, ஏறி உட்கார்ந்தே விட்டார்.

கட்டங்களை எண்ணினோம். இரண்டு டயருக்கும் சேர்த்து ஆறு சதுர அங்குலம். ஆறு நாற்பது இருநூற்று நாற்பது. சைக்கிளுக்கு நாற்பது போனால் இருநூறு பவுண்டு. தொண்ணூறு கிலோ! அதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு எந்த முகத்தோடு வேலை கேட்பது?

"டயரில் முப்பது பவுண்டு காற்று" என்றேன். விடை அறுபத்துமூன்று கிலோவாக இறங்கியது. போன உயிர் திரும்பி வந்தது.

அவர் இறங்கி, குனிந்து, டயரைக் கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்கினார்.

"அரே, இதுல முப்பதுதானா?" (அவர் பேசியதெல்லாம் இந்தியில்.)

நான் டஸ்டரைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"நாப்பதுக்குக் கொறையாது. புள்ளைங்களா, மறுபடி போடுங்க."

தொண்ணூறு என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. (பாவிகள், மற்ற நாளில் கேள்வி கேட்டால் ஒன்றும் வாயைத் திறக்காது.)

"கரெக்ட். போன மாசம் டாக்டரும் இதையேதான் சொன்னார்" என்றார் அவர்.

மாலையில் அறைக்குக் கூப்பிட்டார். போனேன். ஆர்டரை நீட்டினார்.

"வேலை உங்களுக்குத்தான். என் எடையைக் கொறச்சுச் சொன்ன மொத ஆளு நீங்க" என்றார்.

அந்த வேலையில் இருபத்தாறு வருடம் இருந்தேன். இப்போதும் எடை மெஷினிலிருந்து இறங்கி நான் எண்ணைச் சொன்னால், என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்பார்: "எத்தன பவுண்டு காத்துல?"