வாலு தலையாட்ட மாட்டேன் என்கிறாள்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. பயிற்சி முகாமில் போனை வாங்கி வைத்துவிட்டார்களாமே, அதைத் தவிர நீ சுகமாகத்தான் இருப்பாய். நானும் சுகம் என்று எழுதினால் பச்சைப் பொய். மாப்பிள்ளை உன்னைப் பார்க்கக் கிளம்பி, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் கல்லூரி அறிவியல் துறைத் தலைவிக்குத் திடீரென்று ஞானம் பிறந்து, வேலை நீட்டிப்பு வேண்டுபவர்கள் வெள்ளிக்கிழமை குழுவின் முன்னால் தங்கள் ஆய்வை, தாங்களே கூட்டி வரும் ஆறு வயதுக் குழந்தைக்கு விளக்க வேண்டும், குழந்தைக்குப் புரியாவிட்டால் மூட்டை கட்டலாம் என்று சொல்லிவிட்டார். மற்றவர்களுக்கு என்ன, ஒருவருக்குத் தவளை, ஒருவருக்கு எரிமலை. என் தலையெழுத்து, கணிதத்தில் 'இயல்பு உருமாற்றம்' என்ற, தொட்டுக் காட்ட முடியாத சமாச்சாரம். வீட்டிலேயே ஓர் ஆறு வயது இருக்கிறதே என்று உன் மகளைப் பிடித்து உட்கார வைத்தேன். ஒரே வரைபடத்தை வைத்துச் சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று என்று இரண்டு அட்டை வீடு கட்டி, இரண்டிலும் சமையலறையிலிருந்து படுக்கையறைக்கு நூல் இழுத்து, பிறகு சிவப்பு வீட்டின் ஒவ்வோர் அறையிலிருந்தும் நீல வீட்டின் அதே அறைக்கு ஒரு நூல் இழுத்து, ஒரு சட்டைப் பொத்தானை ஓட விட்டேன். "பாரு வாலு, முதல்ல வீட்டுக்குள்ள நடந்துட்டு அப்புறம் வீடு மாறினாலும் சரி, முதல்ல வீடு மாறிட்டு அப்புறம் நடந்தாலும் சரி, பொத்தான் ஒரே இடத்துலதான் வந்து நிக்கும். அவ்வளவுதான் விஷயம்." எல்லாம் என் கட்டுரையில் உள்ள அம்புக்குறிப் படத்தின்படி அச்சு அசலாகக் கட்டியது.

அவள் இரண்டு வழியிலும் ஓட்டிப் பார்த்தாள். ஒரு தடவை நீல வீட்டுப் படுக்கையறைத் தலையணை மேல் நின்றது, மறு தடவை ஜன்னலுக்குக் கீழே.

"மாமா, வேற வேற இடத்துல நிக்குது."

"பசை காயல, அதான்."

"காஞ்சிடுச்சு. நான் தொட்டுப் பாத்துட்டேன்."

நூலை மாற்றினேன், பொத்தானை மாற்றினேன், கடைசியில் மாப்பிள்ளையின் கோட்டுப் பொத்தானையே அறுத்தேன் (அவரிடம் சொல்லித் தொலைக்காதே), அதுவும் ஜன்னலுக்குக் கீழேதான் போய் நிற்கிறது. "புரிஞ்சுதுன்னு சும்மா தலையாட்டேன், ஐஸ்கிரீம் வாங்கித் தரேன்" என்று இறங்கி வந்தால், "புரிஞ்சுது மாமா, அதனாலதான் தப்புன்னு சொல்றேன்" என்கிறாள். நீ வளர்த்த லட்சணம்.

சிரிக்காதே. இந்த வேலையும் போனால் நாற்பத்தைந்து வயதில் எந்தக் கதவைப் போய்த் தட்டுவேன்? நிஜமாகவே பயமாக இருக்கிறது. ஆகவே, 'வெள்ளிக்கிழமை மாமா கேட்டால் தலையாட்டு, இப்படிக்கு அம்மா' என்று ஒரு சீட்டு எழுதி மாப்பிள்ளையிடமே கொடுத்தனுப்பு. நீ சொன்னால் கேட்பாள்.

பயிற்சியில் நீ முதல் ஆளாகத் தேற அண்ணனின் ஆசி எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: சீட்டு வேண்டாம். உறையை ஒட்டும் முன், மாப்பிள்ளையைக் காக்க வைத்துவிட்டு, கட்டுரையை எடுத்து, அவள் பொத்தானை ஓட்டிய வழியிலேயே விரலை ஓட்டிப் பார்த்தேன். பதினான்காம் பக்கத்தில் ஓர் அம்புக்குறி தப்பு. மூன்று வருஷமாக நானும் பார்க்கவில்லை, அச்சிட்டவர்களும் பார்க்கவில்லை. மனசு கேட்காமல் துறைத் தலைவிக்குப் போன் செய்து உள்ளதைச் சொல்லிவிட்டேன். எந்தப் பக்கம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "குழந்தைக்குப் புரிஞ்சிடுச்சு, நல்லது. உங்களுக்குப் புரிஞ்சுதான்னு வெள்ளிக்கிழமை பாத்துக்கலாம்" என்றார்.