ஜன்னலை மூடிவிட்டுப் பார்சிலோனா பார்த்த கதை

நான் பார்சிலோனாவைச் சுற்றிப் பார்த்தது எங்கள் வீட்டுச் சோபாவில் இருந்துகொண்டுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மறைத்தாலும் ஜேர்மனியில் நாங்கள் இருக்கும் கெல்சென்கிர்ச்சனில் எந்தத் தமிழரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார், அதுவும் கைகால் வைத்து, நடித்துக் காட்டி.

எல்லாவற்றுக்கும் காரணம் என் சகலன் அருள்தாஸ் அண்ணை. (காரணம் நான்தான். ஆனாலும் அவரில் தொடங்கினால் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.) என் மனைவி ஜசிந்தாவின் அக்காவைக் கட்டியவர். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். வருடா வருடம் எங்காவது சுற்றுலா போவதும், வந்த மறு ஞாயிறு உறவுகளையெல்லாம் கூப்பிட்டு, சுவரளவு டிவியில் படங்களைப் போட்டுக் காட்டுவதும் அவருடைய வழக்கம். படம் எந்த ஊராக இருந்தாலும் முன்னுக்கு அண்ணைதான் நிற்பார். பாரிஸ் கோபுரத்தின் கால்வாசியும், ரோமாபுரியின் அரைவாசியும் அவருடைய தோளுக்குப் பின்னால் மறைந்து போனவை.

பார்சிலோனாப் படங்கள் ஓடிய அன்று, அவருடைய இடது காதுக்கு மேலே அந்த உலகப் புகழ்பெற்ற தேவாலயத்தின் கோபுர நுனிகள் மட்டும் தெரிந்தன. ஜசிந்தா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ளுக்குப் போய் ஒரு மெழுகுதிரி கொளுத்தோணும் போல கிடக்கு" என்றாள்.

கல்யாணம் கட்டி இத்தனை காலத்தில் அவள் வாய் திறந்து ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அடுத்த ஈஸ்டருக்கு எங்கள் திருமண வெள்ளிவிழாவும் வருகிறது. சரி கூட்டிப்போகிறேன் என்று அமைதியாகச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. நான் எழுந்து நின்று, பற்றிஸ் பலகாரத் தட்டைக் கையில் பிடித்தபடி, சபைக்கு அறிவித்தேன்.

"பஸ்ஸில ஆட்டுக்குட்டியள் மாதிரி இறக்கி ஏத்துறதெல்லாம் ஒரு பயணமே? நான் ஜசியைத் தனியக் கூட்டிக்கொண்டு போறன். பார்சிலோனாவை எப்பிடிப் பாக்கிறதெண்டு வந்து சொல்லுறன்."

பஸ்ஸில் போய்வந்த அண்ணை என் தட்டுக்குக் கையை நீட்டினார். ஒரு பற்றிஸை எடுத்துக் கடித்தார்.

பான் நகரில் படிக்கும் எங்கள் மகள் ஷரோன் போன் எடுத்து, "அப்பா, டிக்கெட்டை நான் புக் பண்ணித் தரட்டே?" என்று கேட்டாள். "கடலும் காடும் கடந்து ஜேர்மனிக்கு வந்தவனுக்கு ஒரு டிக்கெட் போடத் தெரியாதே?" என்று திருப்பிக் கேட்டேன். (அப்போது என்னை ஒரு ஏஜென்சிக்காரன் பொதி மாதிரிக் கொண்டுவந்து இறக்கியதை அவள் ஞாபகப்படுத்தவில்லை. மரியாதை தெரிந்த பிள்ளை.)

எங்கள் ஆட்களுக்குள் சத்தமில்லாமல் பயணம் போக ஏலாது. தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது செய்தி பரவியது. மறுநாளிலிருந்து வீட்டுக்கு மெழுகுதிரிகள் வரத் தொடங்கின. ஒருவருக்கு முழங்கால் நோ, ஒருவருக்கு மகளின் கல்யாணப் பேச்சு, ஒருவருக்கு வீடு வாங்கும் அலுவல். ரீட்டா அக்கா கேவலார் மாதா கோயிலில் வாங்கிப் பத்திரப்படுத்தியிருந்த தடித்த திரி ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய மகன் அவுஸ்பில்டுங் என்னும் தொழிற்பயிற்சியின் கடைசிச் சோதனையில் ஏற்கெனவே ஒருமுறை வழுக்கி விழுந்தவன்.

"தம்பி, அந்தப் பெரிய கோயிலுக்குள்ள வைச்சு என்ர கண்ணுக்கு முன்னால கொளுத்தின மாதிரிக் கொளுத்தோணும்" என்றார்.

"பயப்படாதேங்கோ அக்கா. என்ர பொறுப்பு" என்றேன்.

பயண நாளன்று அருள்தாஸ் அண்ணையே எங்களை டுசல்டோர்ப் விமான நிலையத்தில் கொண்டுபோய் இறக்கினார். வழிநெடுக அறிவுரை. பேர்ஸை முன் பொக்கற்றில் வையுங்கோ, அங்கே கள்ளர் தொகை கூட. இரவு பத்து மணிக்கு முன்னம் ஒருத்தனும் சாப்பாடு தரமாட்டான், பிஸ்கட் கொண்டுபோங்கோ. பஸ்ஸில் போன மனிதர் எனக்கு வகுப்பெடுப்பதா என்று நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கவுண்டரில் இருந்த இளம்பெண் கணினியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், மறுபடி கணினியைப் பார்த்தாள்.

"நீங்கள் இன்றைக்குப் பார்சிலோனாவிலிருந்து இங்கே வருகிறீர்கள்" என்றாள் ஜேர்மன் மொழியில்.

"இல்லை, நாங்கள் இங்கேதான் நிற்கிறோம்" என்றேன் நானும் ஜேர்மனில்.

"அதுதான் பிரச்சினை" என்றாள்.

புறப்படும் இடத்தில் பார்சிலோனாவையும், போய்ச்சேரும் இடத்தில் டுசல்டோர்பையும் போட்டிருந்தேன். இங்கிருந்து அங்கே போகும் விமானம் அடுத்த வெள்ளிக்கிழமை எங்களுக்காகக் காத்திருந்தது. ஈஸ்டர் விடுமுறை என்பதால் அதுவரை வேறு எதிலும் இடமில்லை. இவ்வளவையும் அவள் அன்பாகவே விளக்கினாள். ஏசியிருந்தாலாவது நான் கோபப்பட்டுச் சமாளித்திருப்பேன்.

ஜசிந்தா சூட்கேஸின் மேல் இருந்துவிட்டாள். அவளுடைய கண் கலங்கியிருந்ததை நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"பரவாயில்லை. வீட்ட போவம். நடந்ததை அத்தானிட்டச் சொல்லிப்போடுவம்" என்றாள்.

"அருள்தாஸ் அண்ணையிட்டச் சொல்லுறதோ? உமக்கு விசரே?"

ரயிலில் வரும்போது திட்டம் உருவாகியது. திட்டம் இதுதான்: ஆறு நாட்கள் நாங்கள் பார்சிலோனாவில் இருப்போம், கெல்சென்கிர்ச்சனில் எங்கள் வீட்டில் இருந்துகொண்டு.

தெருவில் தமிழ் முகம் ஏதும் இல்லையென்று பார்த்துக்கொண்டு நிலவறை வாசலால் ஏறினோம். ரொல்லாடன் என்று இங்கே சொல்லும் ஜன்னல் மறைப்புகளை, பயணம் போகிறவர்கள் எல்லாரையும் போலக் காலையிலேயே முழுதாக இறக்கிவிட்டுத்தான் போயிருந்தோம். அவை அப்படியே இருக்கட்டும் என்றேன். கீழ்வீட்டு அம்மா பிரவ் கோவால்ஸ்கிக்கு முழங்கால்தான் சரியில்லை, காது நல்ல கூர்மை. ஆகவே வீட்டுக்குள் காலுறையோடுதான் நடை. கழிவறையில் தண்ணீர் இழுப்பது வெளியே ட்ராம் போகும்போது மட்டும். ஜசிந்தா ட்ராம் அட்டவணையை மனப்பாடம் செய்துவிட்டாள்.

மிச்ச நேரமெல்லாம் நகர்வலம். யாரோ கமராவைக் கையில் பிடித்தபடி பார்சிலோனாவை நடந்து நடந்து எடுத்த வீடியோக்களைச் சத்தமில்லாமல் டிவியில் போட்டேன். மரங்கள் அடர்ந்த அந்த நீளத் தெருவில் நடந்தோம். சந்தையில் பழங்களையும், தலைகீழாகத் தொங்கும் பன்றித் தொடைகளையும் பார்த்தோம். ஓட்டுத்துண்டுகள் பதித்த பல்லிச் சிலை இருக்கும் பூங்காவுக்கு ஏறினோம். (ஜசிந்தா சமையலறைக்கு எழுந்து போனபோது வீடியோவை நிறுத்தி வைத்துக் காத்திருந்தேன். ஒன்றாக வந்த பயணம் அல்லவா.) கடற்கரையில் கொஞ்ச நேரம் இருந்தோம். வெயிலில் கறுத்துத் திரும்பவேண்டும் என்ற கவலை மட்டும் எனக்கு இருக்கவில்லை. அந்த வசதியைக் கடவுள் முன்கூட்டியே செய்து தந்திருக்கிறார்.

அண்ணை விடாமல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்.

"படம் ஒண்டும் காணேல்லை?"

"இஞ்ச கள்ளர் தொகை கூட அண்ணை. போனை வெளியில எடுக்க ஏலாது" என்று அவர் தந்த அறிவுரையாலேயே அவரை மடக்கினேன்.

"சாப்பாடு எப்பிடி?"

"இந்த ஊர்ச் சட்டிச் சோறு பரவாயில்லை. உப்புத்தான் குறைவு." (நான் அப்போது முட்டைப் பொரியலோடு புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.)

"போன்ல பாத்தன், அங்க மழையெண்டு காட்டுது?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. "நாங்கள் நிக்கிற பக்கம் நல்ல வெயில்" என்று போட்டேன்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது, திரும்புவதற்கு முதல்நாள் மத்தியானம், ஜசிந்தா அந்த மெழுகுதிரிப் பையை எடுத்துவந்து மேசையில் வைத்தாள்.

"இதுகளை என்ன செய்யப்போறியள்?"

"கொளுத்தினம் எண்டு சொல்லுவம்."

"இஞ்சாருங்கோ, பார்சிலோனா போனம் எண்டு சொல்லுறது உங்கட பொய். நீங்கள் அத்தானுக்குச் சொல்லுறியள், அது உங்கட பாடு. இது கடவுளுக்குச் சொல்லுற பொய். இதுக்கு நான் வரமாட்டன். இப்ப கொளுத்தோணும்."

நான் தீப்பெட்டியை எடுத்துவந்தேன். கேக் போடும் தட்டில் திரிகளை நிறுத்தினோம். நடுவில் ரீட்டா அக்காவின் தடித்த திரி. டிவியில் அந்தத் தேவாலயத்தின் உட்புறத்தைப் பெரிதாக வைத்தேன். உயர்ந்த தூண்கள், வண்ணக் கண்ணாடி வெளிச்சம். ஜசிந்தா வெள்ளிவிழாவுக்கென்று வாங்கிய சேலையை உடுத்திவந்து, தலையில் முக்காடு போட்டு முழங்காலில் இருந்தாள். உண்மையில் எங்கள் சாலை, அதாவது வீட்டு முன்கூடம், கோயில் மாதிரித்தான் இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. மணமும் இருந்தால் இன்னும் வடிவு என்று பார்பெக்யூக் கரியில் தணல் போட்டு, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சாம்பிராணியை ஒரு கை அள்ளிப் போட்டேன்.

ஜசிந்தா மூன்றாவது அருள்நிறைந்த மரியே மந்திரத்தை முடிப்பதற்குள் சாலை ரவுக்மெல்டர் அலறத் தொடங்கியது. ஜேர்மனியில் ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் பூட்டவேண்டிய அந்த வெள்ளைப் புகைமணியைத்தான் சொல்கிறேன். அதைக் கேட்டுப் படுக்கையறை மணி அலறியது. பிறகு அறைகளுக்கு நடுவே போகும் நடை ஓடைக்குள் இருந்த மணி.

"ஜன்னலைத் திறவுங்கோ!" என்று ஜசிந்தா இருமினாள்.

"திறந்தா ஆக்கள் காணுவினம்!"

மூச்சு முட்டிச் சாவதா, அகப்படுவதா என்ற கேள்வியில் நான் சாவதன் பக்கம் நின்றேன். வீடு கூட்டும் தும்புத்தடியால் மணியைக் குத்தினேன். அது இன்னும் கோபமாகக் கத்தியது. கீழே பிரவ் கோவால்ஸ்கி, "மேலே நெருப்பு! ஆட்கள் ஸ்பெயினில்!" என்று படிக்கட்டு முழுக்கக் கேட்கக் கூவினார். அவர் தீயணைப்புக்கு போன் செய்திருந்தார். அதற்குப் பிறகு, அவசரத்துக்கென்று நானே எழுதிக் கொடுத்திருந்த இலக்கத்துக்கும் எடுத்திருந்தார். அது அருள்தாஸ் அண்ணையின் இலக்கம்.

என் போன் அடித்தது. பழக்கதோஷத்தில் எடுத்துவிட்டேன்.

"ரஞ்சன்!" அண்ணைக்கு மூச்சு வாங்கியது. "பயப்படாதையும். உங்கட வீட்டில நெருப்பாம். நான் கீழ வந்திட்டன். நெருப்பணைக்கிற பொயர்வேர்க்காரரும் வந்திட்டாங்கள்."

"ஐயோ அண்ணை, நாங்கள் பார்சிலோனாவில எல்லோ நிக்கிறம்" என்றேன். இதைச் சொல்லும்போதும் தலைக்கு மேலே மூன்று மணிகளும் அலறிக்கொண்டிருந்தன.

"தெரியும், தெரியும். நீர் ஒண்டுக்கும் கவலைப்படாதையும். கதவை உடைக்கச் சொல்லிப்போட்டன். முதல் நான் உள்ளுக்குப் போய் மாதா சுரூபத்தையும் உங்கட கலியாண அல்பத்தையும் எடுக்கிறன். ஜசிந்தாவுக்கு இப்ப சொல்லாதையும், அவள் தாங்கமாட்டாள்..." குரல் உடைந்து, மனிதர் அழத் தொடங்கிவிட்டார். பிறகு சற்று நிறுத்தினார். "ரஞ்சன்... உம்மட போனுக்குள்ளயும் அந்தச் சத்தம் கேக்குது."

பஸ் என்று நான் நக்கல் அடித்த மனிதர், நெருப்புக்குள் புகுந்து எங்கள் கல்யாணப் படங்களை எடுக்க வாசலில் நிற்கிறார். என் வீம்பெல்லாம் அந்த இடத்திலேயே வடிந்துவிட்டது.

"உடைக்க வேண்டாம் அண்ணை. திறக்கிறன்" என்றேன்.

திறந்தேன். வாசலில் கோடாலியோடு இரண்டு தீயணைப்புக்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் பிரவ் கோவால்ஸ்கி, நடுவில், வீட்டுச் செருப்போடு ஓடிவந்த அண்ணை. உள்ளே இடுப்பில் சாரமும் கையில் தும்புத்தடியுமாக நான். எனக்குப் பின்னால் புகைக்குள் பட்டுச்சேலையில் ஜசிந்தா, மெழுகுதிரிக் கூட்டம், டிவியில் தேவாலயம். புகை மெல்ல விலகி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் காட்டியது.

மூத்த தீயணைப்புக்காரர் கோடாலியைக் கீழே இறக்கி, "இங்கே என்ன நடக்கிறது?" என்று கேட்டார்.

"எங்கள் வெள்ளிவிழா" என்றாள் ஜசிந்தா, ஜேர்மன் மொழியில், வெகு நிதானமாக.

"வாழ்த்துகள்" என்றார் அவர். "ஜன்னலைத் திறவுங்கள்."

அண்ணை என்னை மேலும் கீழும் பார்த்தார். கண்ணைப் புறங்கையால் துடைத்தார். கோபத்தில் அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"நீர் நிக்கிற பக்கம் நல்ல வெயிலோ, ரஞ்சன்?" என்றார்.

மறு ஞாயிறு அவர் வீட்டில் வழக்கம்போலக் கூட்டம். படம் எதுவும் போடவில்லை. தும்புத்தடி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கதையைச் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் வட்டாரத்தில் யாராவது போன் எடுக்காவிட்டால், "ஆள் பார்சிலோனா போயிட்டார் போல" என்பார்கள். கொளுத்தும் கோடையிலும் ரொல்லாடனை இறக்க எனக்கு உரிமை கிடையாது. பாதி இறக்கினாலே யாராவது கீழே நின்று கையசைத்து, "நல்ல பயணமா அமையட்டும்" என்று கத்துகிறார்கள்.

மறு வருடம் அண்ணை எங்களைத் தன்னுடைய பஸ் சுற்றுலாவிலேயே கூட்டிப்போனார். இறங்கும் ஒவ்வோர் இடத்திலும் என் காதுக்குள் "மே" என்று கத்தினார். அந்தத் தேவாலயத்துக்குள் ஜசிந்தா அண்ணாந்து பார்த்தபடி அசையாமல் நின்றாள். நான் கிட்டப் போனேன். "என்ன பாக்கிறீர்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ரவுக்மெல்டர் எங்க பூட்டியிருக்கு எண்டு பாக்கிறன்" என்றாள்.

அந்தப் பயணத்துக்கு ரீட்டா அக்கா மெழுகுதிரி தந்துவிடவில்லை. அவருடைய மகன் சோதனையில் பாஸ். இப்போது மகள் கார் ஓட்டும் சோதனைக்குப் போகிறாள். "நீங்கள் போயிட்டு வாங்கோ தம்பி" என்றார். "என்ர திரியை வந்தாப்பிறகு உங்கட சாலையிலயே கொளுத்துங்கோ. போனமுறை கடவுளுக்கு அங்கதானே கேட்டது."

மகளும் பாஸானதில் விஷயம் கைமீறிவிட்டது. சோதனைக்காலம் வந்தால் பிள்ளைகளைப் பெற்றவர்கள் திரியோடு எங்கள் வாசலில் நிற்கிறார்கள். நான் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, முதலில் கீழே இறங்கிப்போய் பிரவ் கோவால்ஸ்கிக்குச் சொல்லிவிட்டு வருவேன். அவர் கதவை அரைவாசி திறந்து, என் முகத்தைப் பார்த்ததும், "இன்றைக்கும் பார்சிலோனாவா?" என்பார்.