ஹீட்டரை அணைக்காத தலைவர்

ஆகஸ்ட் மாத நடுப்பகலில் காசிமிரோ ஹீட்டரைத் தொட்டுப் பார்த்து விரலைச் சுட்டுக்கொண்டார்.

“கொதிக்குது!” என்று கத்தினார். “திரினி, ஹீட்டர் ஓடுது! ஆகஸ்ட்ல!”

“எனக்குத் தெரியாதா? நான் என்ன குளிர்ல நடுங்கிட்டா கிடக்கேன்?” என்றாள் அவர் மனைவி. ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு சோபாவில் விசிறியோடு சாய்ந்திருந்தாள். “நம்ம ஊரு மோத்ரில்ல வாசல்லயே கடல் இருக்கு. குளுகுளுன்னு இருக்கும், மலைக்கு வான்னு கூட்டிட்டு வந்தியே!”

அதுதான் காசிமிரோவுக்குச் சுருக்கென்று தைத்தது. டயர் கடையில் முதுகொடிய உழைத்துச் சம்பாதித்ததைப் போட்டுப் போன வருடம் வாங்கிய வீடு. சியரா நெவாடா மலையில், பனிச்சறுக்குச் சரிவுக்கு நேர் எதிரில். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது வெளியே பனியில் வெயில் கண்ணைக் கூச, ஜனங்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பீர் குடித்தார்கள். வீட்டுக்குள்ளே காசிமிரோ இரண்டு கோட்டும் குல்லாவும் போட்டுக்கொண்டு சூப் குடித்தார். அப்போது ஹீட்டர் ஓடவில்லை. “இந்தக் கட்டடத்துல ஒருத்தன் மூஞ்சிலயும் முழிக்க மாட்டேன்!” என்று மாடிப்படி அதிரக் கத்திவிட்டு மலையிறங்கியவர் இப்போதுதான் திரும்பியிருக்கிறார்.

கட்டடத்து ஹீட்டர்களுக்கெல்லாம் சுடுதண்ணீர் அனுப்பும் பாய்லர் கீழ்த்தளத்தில் இருந்தது. நேரே கீழே போய் வாட்ச்மேன் பிளாஸைப் பிடித்தார்.

“பாய்லரை நிறுத்துய்யா!”

“முடியாதுங்க. தலைவர் சொல்லாம பாய்லர் அறையைத் திறக்கக் கூடாது.”

“எந்தத் தலைவர்?”

“குடியிருக்கிறவங்க சங்கத் தலைவர்தான். குளிர் முடியறப்ப ரிப்பேர் பண்ணி ஓட விட்டாங்க. நிறுத்தறதுக்கு அவர் ஒரு வார்த்தை சொல்லணும். போன் போட்டாலும் ஆளைப் பிடிக்கவே முடியலையாம்.”

“யாருய்யா அந்தத் தடியன்?”

“நான் ஜூன்லதாங்க வேலைக்கு வந்தேன். இன்னும் பார்த்ததில்லை.”

“பார்க்காதே! பார்த்தா உனக்கும் ரத்தம் கொதிக்கும்!”

காரிலிருந்து வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மேலே வந்தார். எத்தனை லாரி போல்ட்டுகளைப் பிரித்த கை! ஹீட்டர் வால்வைப் பிடித்து ஒரு திருகு திருகினார். வால்வு கையோடு வந்தது. பின்னாலேயே கருப்பாக, சுடச்சுடத் தண்ணீர் பீறிட்டது.

திரினி சோபா மேல் ஏறி நின்றாள். “பேஷ்! இப்ப வீட்டுக்குள்ளயே கடல்!”

அந்த நேரம் பார்த்துப் பையில் போன் அடித்தது. தெரியாத நம்பர். “எனக்கு எந்த இன்ஷூரன்சும் வேணாம், தொலைஞ்சு போ!” என்று கத்திவிட்டுக் காசிமிரோ போனைச் சோபாவில் எறிந்தார்.

கதவு இடிபட்டது. கீழ்வீட்டுக் கிழவி தோன்யா அங்குஸ்தியாஸ் நின்றார். அன்று காலைதான் சலூனில் செட் செய்த வெள்ளைக் கூந்தலிலிருந்து கருந்தண்ணீர் சொட்டியது.

“என் தலையில என்னத்தை ஊத்துறீங்க?”

“நான் ஊத்தலம்மா! தலைவர் ஊத்துறார்!”

கிழவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “ஆமா, தலைவர்தான் ஊத்துறார். எப்ப நிறுத்துவார்?”

“அவன் எங்க நிறுத்தப் போறான்? நானே நிறுத்துறேன்!”

ஸ்பேனரோடு பாய்லர் அறைக்கு ஓடினார். பிளாஸ் குறுக்கே கை நீட்டினான். காசிமிரோ பூட்டை ஒரே அடியில் பெயர்த்தார். உள்ளே இருந்ததிலேயே பெரிய குழாயின் சக்கரத்தைத் தேடிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கி மூடினார்.

பாய்லர் அது பாட்டுக்கு ஓடியது. மாடிப்படியில்தான் சத்தம் கேட்டது. முதல் மாடி எவாரிஸ்தோ உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு, இடுப்பில் துண்டைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

“குளிச்சிட்டிருக்கேன், தண்ணி நின்னு போச்சு! யார் வேலை இது?”

“தலைவர் வேலை!”

“அது தெரியுது. எதுக்கு?”

“எதுக்கா? மூளை இல்லாததாலதான்!”

எவாரிஸ்தோ ஒரு கண்ணிலிருந்த சோப்பைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

அதற்குள் பாய்லர் விசிலடிக்க ஆரம்பித்தது. பயந்துபோன பிளாஸ் மெயின் சுவிட்சை இழுத்துவிட்டான். பாய்லர் அடங்கியது. விளக்குகளும் அணைந்தன. கீழே வந்துகொண்டிருந்த லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றது. உள்ளேயிருந்து திரினியின் குரல் கட்டடம் முழுக்கக் கேட்டது.

“காசிமிரோ! நான் வெளிய வந்தேன்னா உன்னை ஹீட்டர் மேல உட்கார வைக்கிறேன் பாரு!”

காசிமிரோவின் பொறுமை அத்தோடு அறுந்தது. ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது. கட்டடத்திலிருந்த எல்லோரையும் வெளியே கூப்பிட்டார். எதிரே பனியில்லாத சரிவில் மாடுகள் மேய, சறுக்க வருகிறவர்களை மேலே ஏற்றும் தொங்கு நாற்காலிகள் அசையாமல் நின்றன. அவர் வாசற்படியில் ஏறி ஸ்பேனரை உயர்த்தினார்.

“குளிர்காலத்துல உறைய வெச்சாங்க! கோடையில வேக வெக்கிறாங்க! எல்லாத்துக்கும் யார் காரணம்? ஒரு போன் எடுக்கத் துப்பில்லாத தலைவர்! தோன்யா அங்குஸ்தியாஸ் தலை கருப்பாச்சு, இவர் பாதிக் குளியல்ல நிக்கிறார், என் பெண்டாட்டி லிஃப்ட்ல தொங்குறா. இந்த மாதிரி ஒரு சோம்பேறியை, கழுதையை, உதவாக்கரையை இதுக்கு மேலயும் வெச்சிருக்கலாமா?”

கூட்டத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. “வெயில் மண்டையில ஏறிடுச்சு போல” என்று எவாரிஸ்தோ முணுமுணுத்தார்.

“அவ்வளவு கடுமையா வேணாமே” என்றார் அங்குஸ்தியாஸ் தயக்கத்தோடு. “புதுசுதானே, பழகிடும்.”

“புதுசாவது பழசாவது! இந்த நிமிஷமே தூக்கணும். இன்னிக்கு ஆன சேதம் எல்லாத்தையும் அந்த ஆளே சரி பண்ணிக் கொடுக்கணும். சம்மதம்னா கையைத் தூக்குங்க!”

முதல் கை காசிமிரோவுடையது. பிறகு எவாரிஸ்தோ துண்டைப் பிடிக்காத கையைத் தூக்கினார். ஒவ்வொன்றாக எல்லாக் கைகளும் மேலே போயின.

“அப்படிப் போடு!” என்றார் காசிமிரோ மூச்சிரைக்க. “இப்ப அந்த அயோக்கியனைக் கூப்பிடுங்க! என் வாயாலயே சொல்றேன்!”

தோன்யா அங்குஸ்தியாஸ் பக்கத்தில் வந்து, மெல்ல அவர் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கிக்கொண்டார்.

“மார்ச் கூட்டத்துக்கு வராத ஒரே ஆள் நீங்கதான்னு உங்களைத் தலைவராப் போட்டது எங்க தப்புதான், தோன் காசிமிரோ, பதவி வேணாம்னா வேணாம்னு சொல்லியிருக்கலாமே, அதுக்கு என் தலையில எதுக்குத் தண்ணி ஊத்தணும்?”