காட்டெருமையிடம் வழி கேட்டது

மாட்டுங்கா, பம்பாய்.
விய வருஷம், ஆவணி மாதம்.

பாலக்காடு ஸ்ரீ அனந்தநாராயணன் அவர்கள் சமூகத்துக்கு ஜம்புநாதன் அநேக நமஸ்காரம். ஈசுவர கிருபையால் இங்கு யாவரும் க்ஷேமம். அட்டை கடித்த என் இடது கால் மட்டும் இன்னும் அரிக்கிறது.

தங்கள் குமாரன் சிரஞ்சீவி மகாதேவன் தேக்கடிக் காட்டில் ரேஞ்சர் என்று தெரிந்த நாள் முதல் என் சம்சாரம் ராஜலக்ஷ்மிக்குத் தூக்கமில்லை. "புலி நடமாடற இடத்திலயா நம்ம பொண்ணு ஷ்யாமளாவைக் குடித்தனம் வைக்கறது? நேர்ல பார்த்துட்டு வாங்கோ. திரும்பி வந்தா யோசிக்கலாம்" என்றாள். அந்த 'வந்தா'வை நான் அப்போது கவனிக்கவில்லை.

எனக்குப் புலி என்றால் தீப்பெட்டிப் படத்தோடு சரி. போய் இறங்கியதும் தங்கள் பிள்ளை ராஜ உபசாரம் செய்து, மரத்துக்கு மரம் தாவும் மலையணில், ஏரிக்கரையில் குடும்ப சகிதமாக யானைகள், சிங்கவால் குரங்கு எல்லாம் காட்டினார். அந்தக் குரங்கு என்னையே உற்றுப் பார்த்தது. பெண்ணின் தகப்பனாரைப் பார்க்க அதற்கும் ஆசை இருக்காதா? பம்பாயில் அரிசிக்கு ரேஷன், சர்க்கரைக்கு ரேஷன். அங்கே அட்டைகளுக்கு என் ரத்தத்தில் ரேஷனே கிடையாது. மறுநாள் விடியற்காலை, "மாமா, நான் வர வரைக்கும் வாசல்லயே இருங்கோ" என்றார் மகாதேவன். ஆபீசுக்கு ஓடியே பழகின கால் நிற்குமா? நடந்தேன். ஒரே மூடுபனி. ஒற்றையடிப் பாதையில் கறுப்புக் கம்பளி போர்த்தின ஒருவன் வழியை அடைத்து நின்றான். லோக்கல் ரயில் வாசலில் முதுகைக் கண்டால் என் குடை தானாக எழும்பும். "அரே பாய், ஆகே சலோ!" என்று முன்னால் நகரச் சொல்லிக் குடையால் ஒரு குத்து விட்டேன். முதுகு திரும்பியது. கொம்பு இருந்தது. "மாமா, அசையாதேங்கோ. பேசவும் பேசாதேங்கோ" என்று கிசுகிசுத்தபடி மகாதேவன் எனக்கும் அந்தக் காட்டெருமைக்கும் நடுவில் வந்து நின்றார். அது ஒரு பெருமூச்சு விட்டு, முன்னால் நகர்ந்து போயிற்று. இத்தனை வருஷத்தில் நான் சொல்லி நகர்ந்த முதல் ஆசாமி அதுதான்.

அப்புறம் அவர் கொடுத்த காப்பியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டிருந்தார். "உங்களுக்குமா பயம்?" என்றேன். "பின்னே? குத்தினது நீங்க, முட்டறது என்னையன்னா!" என்றார். பயந்துகொண்டே எனக்காகக் குறுக்கே நின்ற பிள்ளைக்குக் கொடுக்காமல் பெண்ணை வேறு யாருக்குக் கொடுப்பேன்? இந்த நன்றியை எழுதத் தெரியவில்லை. எங்களுக்குப் பூரண சம்மதம். ராஜலக்ஷ்மியிடம் 'ஒரு மாடு குறுக்கே வந்தது' என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். தாங்களும் அப்படியே சொல்லவும்.

மாமிக்கு நமஸ்காரம். சிரஞ்சீவிக்குக் கொம்பு படாத தீர்க்காயுசு உண்டாகட்டும்.

இப்படிக்கு,
ஜம்புநாதன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஷ்யாமளா இதை எடுத்து, அவள் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டிவிட்டாள். ஆகவே மேற்படி சம்மதம் தற்சமயம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. ராஜலக்ஷ்மி என்னோடு பேசுவதில்லை. ஷ்யாமளாவோ, "அப்பா காட்டைப் பார்த்தாச்சு. இனி அந்த ரேஞ்சர் இங்க வந்து, ஆபீஸ் நேரத்து லோக்கல்ல மாட்டுங்காவில ஏறி, அடுத்த ஸ்டேஷன் தாதர்ல இறங்கிக் காட்டட்டும். அப்பறம் நான் காட்டுக்குப் போறேன்" என்கிறாள். பிள்ளையை உடனே அனுப்பி வைக்கவும். குடை நான் தருகிறேன்.