இரும்புச் சட்டை கற்ற மரியாதை

ஜூலை பதினேழாம் தேதி காலை பதினோரு மணிக்கு, எங்கள் கிடங்கின் மூன்றாம் வாசலில், மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர் நிறுவனத் தலைவரின் கார்க் கதவைத் திறந்தார். கதவு இப்போது காவலாளியின் அறையில் சுவரோரமாகச் சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

மனித குலத்தின் முன்னேற்றத்தில் நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்த இடம் எங்கள் மூன்றாம் வாசலுக்குத்தான். இதை நான் சொல்லவில்லை. எங்கள் செய்திக் குறிப்பு சொல்கிறது. அதை எழுதியவன் நான் என்பது வேறு விஷயம். மக்கள் தொடர்பு அலுவலர் எழுதுவதையெல்லாம் அவரே நம்ப வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

முன்னேற்றம் ஒரு மரப்பெட்டியில் வந்து இறங்கியது. பெயர் 'உழைப்புத் தோழன்'. தொழிலாளர்கள் வைத்த பெயர் இரும்புச் சட்டை. தோளிலிருந்து பாதம்வரை உடம்போடு சேர்த்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். மின்சாரத்தில் ஓடும். மனிதன் ஒரு கையை அசைத்தால் இருபது மனிதர்களின் பலத்தோடு அதுவும் அசைக்கும். அதை விற்ற நிறுவனத்தின் பொறியாளர் எங்களுக்கு ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"முதல் வாரம் இது ஒண்ணும் பெருசா செய்யாது சார். லேசா தாங்கிக் குடுக்கும், அவ்வளவுதான். போட்டிருக்கறவர் என்ன செய்யறார்னு பார்த்துக் கத்துக்கும். அடுத்த வாரத்திலிருந்து முழு பலத்தோட அதையே தானா செய்யும். அதனால யார் மூட்டை தூக்கப் போறாங்களோ, அவரே போட்டுக்கணும்."

மூட்டை தூக்கப் போகிறவர் கிரேன். மெலிந்த உடம்பில் இரண்டு மூட்டைகளை அடுக்கித் தூக்குவார் என்பதால் வந்த பெயர். அவருடைய அக்கா வீட்டுக்காரரும் இங்கேதான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார்.

ஆனால் அடுத்த வாரம் நிறுவனத் தலைவர் வருவதாக இருந்தது. எங்கள் மேலாளர் எதையும் ஒத்திகை பார்க்காமல் செய்யாதவர். தலைவரின் ஆளுயரப் படத்தை அட்டையில் ஒட்டி, மூன்றாம் வாசலில் நிறுத்தினார். அதன் முன்னால் குனிந்து வணங்குவது, படம் 'பேசி முடித்ததும்' கைதட்டுவது, பிறகு முன்னால் ஓடிப்போய்க் காருக்குப் பதிலாக நிறுத்திய இரும்பு அலமாரியின் கதவைத் திறந்துவிடுவது என்று காலையிலும் மாலையிலும் பயிற்சி செய்தார். முதல் நாளே இடுப்பு பிடித்துக்கொண்டது.

"இந்தச் சட்டை லேசா தாங்கிக் குடுக்கும்னு சொன்னாரே?" என்று என்னிடம் கேட்டார்.

"மூட்டை தூக்கறதுக்குச் சொன்னார் சார்."

"மரியாதையும் ஒரு சுமைதான்யா."

இந்தத் தத்துவத்தை அடுத்த செய்திக் குறிப்புக்காக எழுதி வைத்துக்கொண்டேன். அந்த வாரம் முழுவதும் மேலாளர் இரும்புச் சட்டைக்குள் இருந்தார். கிரேன் வழக்கம்போல் வெறும் முதுகில் மூட்டை தூக்கினார்.

பதினேழாம் தேதி காலையில்தான் கிரேனைச் சட்டைக்குள் போட்டுப் பூட்டினோம். மேலாளர் தலைவரிடம், "ஒரு வாரமா இவர்தாங்க பயிற்சி எடுக்கறார். வேற யாரும் தொட்டதுகூடக் கிடையாது" என்று அறிமுகப்படுத்தினார். கிரேன் வாயைத் திறப்பதற்குள் சட்டை தலைவரின் முகத்தைப் பார்த்துவிட்டது.

அது குனிந்தது. சாதாரணமாக நாம் குனிவது போல அல்ல. நெற்றி முழங்காலைத் தொடும் அளவுக்கு, இருபது மனிதர்கள் சேர்ந்து குனிந்தது போல.

"அம்மா" என்று ஒரு குரல் உள்ளேயிருந்து வந்தது.

தலைவர் மகிழ்ந்துபோனார். "என்ன பணிவு. இவ்வளவு பெரிய இயந்திரத்துக்குள்ள இருந்தும் தலைக்கனம் இல்லையே."

மூட்டையைத் தூக்கச் சொன்னார்கள். சட்டை மூட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது மூட்டையையே அறியாது. தலைவர் பேசத் தொடங்கினார். ஒரு வாக்கியம் முடிந்ததும் சட்டை கைதட்டியது. குறுக்கே இருந்த தேயிலைப் பெட்டி தூளானது. அடுத்த வாக்கியத்துக்கு மறுபடி தட்டியது. தகரக் கூரையில் இருந்த புறாக்கள் பறந்தன. தலைவர் உற்சாகமாகி வாக்கியங்களைச் சின்னச் சின்னதாக உடைத்துப் பேச ஆரம்பித்தார்.

"ஐயா, கழட்டி விடுங்க. இடுப்பு போவுது" என்றார் கிரேன், இரண்டு கைதட்டலுக்கு நடுவில்.

"என்ன சொல்றார்?"

"உணர்ச்சிவசப்பட்டுட்டாருங்க" என்றார் மேலாளர்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். "மாப்ள, என்னடா ஆச்சு?"

"மாமா, நான் ஒண்ணும் பண்ணல. அதுவா குனியுது. அக்காகிட்ட சொல்லாத."

"உங்கக்கா கிடக்கறா, நீ மூச்சை விடு முதல்ல." விளக்கம் சொல்ல வந்திருந்த பொறியாளரின் காலரைப் பிடித்தார். "யோவ், இதை எப்படிய்யா கழட்டறது?"

பொறியாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "முதுகுப் பக்கம் ஒரு தகடு இருக்கு. அதுல உள்ளங்கையை வெச்சா பூட்டு திறந்துடும். தனியா இவர் கைக்கு எட்டாது. ஆனா பதிவானது இவர் கைதானே, பிடிச்சு வெச்சுப் பார்க்கலாம்." பிடித்து வைத்தார்கள். பூட்டு திறக்கவில்லை. பொறியாளர் குழம்பினார். "அப்ப முதல்ல போட்டது இவர் இல்லையா? யார் முதல்ல போட்டாங்களோ, அவங்க உள்ளங்கை வேணும்."

மேலாளர் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைகளுக்குள் விட்டுக்கொண்டார். அவ்வளவு ஆழமான பைகளை நான் பார்த்ததில்லை.

"சார், வந்து கையை வையுங்க" என்றார் ஓட்டுநர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நான் ஏன் வைக்கணும்? தலைவர் பேசிட்டிருக்கார், அமைதியா இருங்க."

"அலமாரிக் கதவைத் தொறந்து தொறந்து மூடினீங்களே, அந்தக் கையைத்தான் கேக்கறேன்."

"எந்த அலமாரி?" என்றார் தலைவர்.

"பழைய சாமான் விஷயம்ங்க" என்றேன் நான். மக்கள் தொடர்பு என்பது இதுதான்.

சட்டை மறுபடியும் குனிந்தது. இந்தமுறை உள்ளேயிருந்து 'அம்மா'கூட வரவில்லை. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இதுபோல் இருநூறு வாங்கும்படி அங்கேயே ஆணையிட்டார். பிறகு காரை நோக்கி நடந்தார்.

அதைக் கண்டதும் சட்டைக்குத் தன் கடமை நினைவுக்கு வந்துவிட்டது. கிரேனின் கால்கள் இரண்டும் தரையில் பாவாமல் பறக்க, அது எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடியது. கார்க் கதவை மிகுந்த மரியாதையோடு திறந்தது. கதவு கீலோடு வந்துவிட்டது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு, தலைவரின் பக்கம் திரும்பி, மறுபடியும் குனிந்தது.

தலைவரின் முகம் மாறியது. "இதை யார் கத்துக்குடுத்தது?"

மேலாளர் கையைப் பையிலிருந்து எடுக்காமலே தாடையால் கிரேனைக் காட்டினார். "இவன்தாங்க. ஒரு வாரமா இவன்தானே உள்ள இருந்தான்."

"இவன் ஜென்மத்துல எந்தக் காரோட கதவைத் தொறந்தான்?" என்றார் ஓட்டுநர். "பஸ்ஸுல கதவே இல்லாத படிக்கட்டுல தொங்கிட்டு வர்றவன்ங்க இவன்."

இந்த வாதம் தலைவரின் காதில் விழவில்லை. அவர் கதவில்லாத காரில் ஏறி, காற்றில் பறக்கும் கோட்டைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டார். கார் தெருமுனை திரும்பும்வரை சட்டை குனிந்தபடியே இருந்தது. மேலாளரும் குனிந்தபடியே இருந்தார். கார் மறைந்ததும் நிமிர்ந்து, அக்கம்பக்கம் பார்த்து, பையிலிருந்து வலக்கையை எடுத்துத் தகட்டில் வைத்தார். பூட்டு உடனே திறந்தது.

கிரேன் வெளியே விழுந்தார். மாமா பிடித்துக்கொண்டார்.

"மாமா, மூட்டை ஒண்ணுகூட ஏத்தலியே" என்றார் கிரேன். பிறகு அவருக்கு நினைவில்லை.

விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. உறுப்பினர்கள் மேலாளர், பொறியாளர், நான். குழு நடுநிலையோடும் தேநீரோடும் கூடி ஆராய்ந்தது. பொறியாளர் முதலில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இருநூறு சட்டைக்கான ஆணையை மேலாளர் நினைவூட்டியதும் தேநீர் குடித்தார். சட்டை கற்றதைக் கற்றபடி செய்திருக்கிறது. எனவே அதில் பழுதில்லை. பழுது உள்ளே இருந்தவரிடம்தான் என்று ஒருமனதாக முடிவு செய்தோம். ஓட்டுநர் சாட்சி சொல்ல வந்தார். அவர் உறவினர் என்பதால் அவருடைய சாட்சியை ஏற்பது நீதிக்கு விரோதம் என்று மறுத்துவிட்டோம்.

சட்டை இப்போது தலைமை அலுவலகத்தின் வரவேற்பறையில் நிற்கிறது. தலைவர் வரும்போது குனிகிறது. உள்ளே ஆள் இல்லை. தினமும் மாலையில் மின்னேற்றுவதற்காக அதை நான்கு தொழிலாளர்கள் தூக்கிக்கொண்டு போகிறார்கள். மேலாளர் பொது மேலாளர் ஆகிவிட்டார்.

கிரேனின் முதுகெலும்பில் இரண்டு இடங்களில் விரிசல். இனி ஆயுளுக்கும் குனியக் கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். ஓட்டுநர் அதைக் கொண்டுவந்து பொது மேலாளரிடம் தந்து, காவலாளி வேலையாவது கொடுக்கும்படி கேட்டார். காவலாளியின் அறையில் இடமில்லை, கார்க் கதவு இருக்கிறது என்று பதில் சொல்லப்பட்டது.

மறுநாள் கிரேனை வேலையிலிருந்து நீக்கினோம். காரணம்: குனிய இயலாமை.