துரை அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக வரவும்

எங்கள் ஊரில் டெஸ்டிங் அண்ணனின் குரல் நுழையாத காது கிடையாது. தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் காதிலிருந்து பஞ்சு வைத்து அடைத்த கிழவரின் காது வரை எல்லாவற்றிலும் அது நுழைந்து பார்த்திருக்கிறது. நுழைய முடியாத காதுகள் இரண்டே இரண்டு. அந்த இரண்டும் அவர் வளர்த்த நாயின் தலையில் இருந்தன.

மன்னார்குடியிலிருந்து மினி பஸ்ஸில் வரவேண்டிய ஊர் எங்களுடையது. நான் வாசல் அறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். எதிர் வீடு மைக்செட் கடை. கடைக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது ரேஷன் கடைக்காரருக்கு மட்டும்தான் தெரியும். "ஹலோ... டெஸ்டிங்... மைக் டெஸ்டிங்..." என்று ஆயுசு முழுக்கச் சொல்லியே அவர் டெஸ்டிங் ஆகிவிட்டார். அவர் மனைவி எங்களுக்கு டெஸ்டிங் அண்ணி.

டீ டம்ளரைக் கையில் கொடுத்தால், விரலால் இரண்டு தட்டு தட்டி, "ஃபூ, ஃபூ" என்று ஊதிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். தன் கல்யாணத்திலேயே, வாடகைக்கு வந்த மைக்காரர் சரியாகச் சொல்லவில்லை என்று மணவறையிலிருந்து எழுந்துபோய் மைக்கைப் பிடுங்கி, "மணமகன் இன்னும் சற்று நேரத்தில் தாலி கட்டுவார், அனைவரும் அமைதி காக்கவும்" என்று தானே அறிவித்தாராம். அண்ணி இதை எப்போது சொன்னாலும் முகத்தை முந்தானையால் மூடிக்கொள்வார்.

நானோ நேர் எதிர். அளவு எடுக்கும்போது "கையைத் தூக்குங்க" என்று நான் சொன்னால், முன்னால் நிற்பவர் "என்னக்கா?" என்பார். மறுபடி சொன்னாலும் "என்னக்கா?"தான். கடைசியில் நானே கையைப் பிடித்துத் தூக்கிவிடுவேன். அதனால் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து எதிர் வீட்டை வேடிக்கை பார்ப்பது எனக்கு வசதியாக இருந்தது. டிவி வாங்கவே தோன்றவில்லை.

நாய் வந்த கதையும் அவர் தொழிலோடு சேர்ந்ததுதான். ஒரு திருவிழா முடிந்து செட்டைக் கழற்றி, குட்டி யானை என்று நாங்கள் சொல்லும் சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். வீட்டில் இறக்கும்போது கூம்புக் குழாய் ஒன்றுக்குள் ஒரு நாய்க்குட்டி சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி! இங்க வந்து பாரேன்! ஊர்ல எல்லாரும் காதப் பொத்திக்கிட்டு ஓடுற கொழாய்க்குள்ள தூங்குது பாரு. இது தொழில் தெரிஞ்ச புள்ள!"

குட்டி ஒரு கண்ணை மட்டும் திறந்து, 'எதற்கு எழுப்பினாய்?' என்று பார்த்தது. அந்தப் பார்வைக்காகவே துரை என்று பெயர் வைத்தார். பெயருக்கு ஏற்றபடி மரியாதையும் கொடுத்தார். "துரை வாங்க, துரை சாப்புடுங்க, துரை செருப்பக் கடிக்காதீங்க."

துரை எல்லா விசேஷங்களுக்கும் வண்டியில் போகும். ஊரே அதிரப் பாட்டு ஓடும். அது குழாய்க்கு அடியில் தூங்கும். தூங்கி எழுந்தால் காலாற எங்காவது போகும். ஆனால் விசேஷம் முடிந்து செட்டைக் கழற்ற ஆரம்பித்தால், முதல் குழாய் வண்டியில் ஏறுவதற்குள் துரை ஏறி உட்கார்ந்திருக்கும். "புள்ளைக்கு வீட்டு ஞாபகம் வந்துருது" என்பார் அண்ணன். நாங்களும் அப்படியே நினைத்தோம்.

மற்றபடி கூப்பிட்டால் வராது. ஒரு தடவைகூட வராது. திரும்பிக்கூடப் பார்க்காது.

இது ஊருக்கு ஒரு சிரிப்பாகத்தான் இருந்தது, வாத்துகள் வரும் வரை.

சம்பா அறுவடை முடிந்த வயல்களில் சிந்திக் கிடக்கும் நெல்லை மேயவிட, எங்கள் பக்கம் வாத்துக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு வருவார்கள். அந்த வருஷம் துரை அதற்குள் புகுந்துவிட்டது. கடிக்கவில்லை. விளையாட நினைத்தது. வாத்துகள் அப்படி நினைக்கவில்லை. பாதி வாய்க்காலில் விழுந்து அடுத்த ஊருக்குப் போய்விட்டது, மீதி கரும்புக் கொல்லையில் ஒளிந்துகொண்டது. பொழுது சாயும் வரை ஊரே வாத்து பொறுக்கியது. பயந்துபோன வாத்துகள் அப்புறம் முட்டையே இடவில்லை.

வாத்துக்காரர் கோயில் வாசலில் வந்து நின்றார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"நாயி மேல தப்பு இல்லீங்க. அது ஓடத்தான் செய்யும். ஆனா கூப்புட்டா திரும்பி வரணும்ல? கூப்புட்டும் வரலன்னா நான் எப்புடிங்க பொழைக்கிறது?"

டெஸ்டிங் அண்ணன்தான் பதில் சொன்னார். அவர் கையில் அப்போது மைக் இருந்தது. அது இருந்தால் அவருக்கு வாய் நிற்காது.

"அன்பார்ந்த பெரியோர்களே! அடுத்த வருஷம் வாத்து வர்றதுக்குள்ள துரை கூப்புட்ட கொரலுக்கு வருவாங்க! வரலன்னா, நானே கொண்டு போயி வேதாரண்யத்துல என் மச்சான் வீட்டுல விட்டுர்றேன்! இது இந்த மைக் மேல சத்தியம்!"

சத்தியம் நாலு குழாயிலும் போய் ஊரைச் சுற்றி வந்தது. வீட்டுக்கு வந்ததும் அண்ணி கேட்டார்: "ஏங்க, நம்ம ரெண்டு பேருக்குள்ள சொல்லிக்க வேண்டியத ஏன் நாலு தெருவுக்குச் சொல்றீங்க?" அண்ணன் துரையைப் பார்த்தார். துரை ஒரு கண்ணைத் திறந்து மூடிக்கொண்டது. அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அண்ணி என்னிடம் சொன்னார்.

மறுநாளே பாடம் தொடங்கியது. கடை வாசலில் குழாய் கட்டி, கல்யாண மண்டபத்தில் சொல்வது போலவே சொன்னார்: "துரை அவர்கள், துரை அவர்கள், எங்கிருந்தாலும் உடனடியாக ஒலிபெருக்கி நிலையத்துக்கு வரவும்!"

ஊரிலிருந்த மற்ற நாய்கள் எல்லாம் வந்தன. கீழத்தெருக்காரர் ஒருவர் வந்தார். "அண்ணே, எங்க ஆட்டயும் காணும். அதையும் அப்புடியே ஒரு வார்த்தை சொல்லிருங்க." ஆடு கிடைத்துவிட்டது. துரை வரவில்லை.

தூரம்தான் காரணம் என்று முடிவு செய்து, துரை வழக்கமாகத் திரியும் வாய்க்கால் பக்கம் ஒரு தென்னை மரத்தில் குழாயைக் கட்டினார். கடையிலிருந்து கூப்பிட்டார். துரை நேராகத் தென்னை மரத்தடிக்குப் போய், குழாய்க்குக் கீழே படுத்து, சுகமாகத் தூங்கிவிட்டது.

அடுத்தது பொரை. வந்தால் பொரை ரொட்டி கிடைக்கும் என்று பழக்க வேண்டுமென்று யாரோ போனில் காட்டினார்களாம். கையில் பொரையை வைத்துக்கொண்டு கூப்பிடுவார். துரை வராது. கையில் இருப்பதை வீணாக்க வேண்டாம் என்று டீயில் நனைத்து அவரே சாப்பிட்டுவிட்டு, அடுத்த பொரையை எடுப்பார். மழைக்காலம் முடிவதற்குள் துரை இளைத்தே இருந்தது. அண்ணனுக்குச் சட்டை பட்டன் போட முடியவில்லை. நான்தான் பக்கத்துத் தையலைப் பிரித்து விட்டுக் கொடுத்தேன்.

அப்புறம் சட்டையில் மாட்டும் குட்டி மைக் வாங்கினார். நாயின் பின்னாலேயே நடந்துகொண்டு கூப்பிடலாமாம். அதை அணைக்க மறந்து வீட்டுக்குள் போனார். தெரு முழுக்க அண்ணியின் குரல் கேட்டது.

"அந்த நாய வாங்க போங்கங்குறீங்க. என்னைய என்னாத்துக்கு ஏய் ஏய்ங்குறீங்க?"

"ஏய், மெதுவாப் பேசு, தெருவுல கேக்கும்!"

"கேக்கட்டும்! பொரை வாங்கித் தின்னு தின்னு வயிறு எங்க நிக்கிதுன்னு தெருவே பாக்குது, கேட்டா என்ன?"

தெருவே வாசலுக்கு வந்து நின்று கேட்டது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் ஊசி துணியை விட்டு வேறு எங்கோ ஓடிவிட்டது. மறுநாளிலிருந்து அண்ணிக்கும் 'வாங்க, போங்க' கிடைத்தது. பாடத்தில் தேறிய ஒரே ஆள் அண்ணன்தான்.

ஒவ்வொரு நாளும் பாடம் ஒரே மாதிரி முடியும். தொண்டை கட்டி, மைக்கை அணைத்துவிட்டு, தலையைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்காருவார். அப்போது பார்த்து துரை எங்கிருந்தோ வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கும்.

"கூப்புட்டப்பல்லாம் வராம, இப்ப என்னாத்துக்குங்க வந்தீங்க? நான் அழுவுறனான்னு பாக்கவா?"

திமிர் பிடித்த நாய் என்று தெரு முழுக்கப் பேசிக்கொண்டது. தை பிறந்தது. அறுவடை இயந்திரங்கள் வந்து போயின. வாத்துகளும் வந்துவிட்டன. அண்ணி ஒரு பையில் துரையின் தட்டையும் பழைய போர்வையையும் எடுத்து வைத்துவிட்டார். அந்தப் பையைப் பார்த்துவிட்டு நான் கடைக்குள் திரும்பியே பார்க்கவில்லை.

அந்த வாரம் வயல் நடுவே இருக்கும் அய்யனார் கோயிலில் ஒரு குழந்தைக்குக் காதுகுத்து. குழந்தையின் பாவாடை சட்டை நான் தைத்தது என்பதால் நானும் போயிருந்தேன். செட்டு நம் அண்ணனுடையது. வாத்துகள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வயலிலேயே மேய்ந்தன. அதனால் துரையைப் புது நைலான் கயிற்றில் வண்டிச் சக்கரத்தோடு கட்டியிருந்தார். முடிச்சை மூன்று பேரை விட்டு இழுத்துப் பார்க்கச் சொன்னார்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஒன்று சரியும் வரை.

"கயிறு! கயிறு எங்க? ஒரு கயிறு இல்லாமயா வந்தோம்!" என்று தேடினார். புத்தம் புது நைலான் கயிறு ஒன்று கண்ணில் பட்டது. அவிழ்த்தார். ஏணியில் ஏறினார். குழாயை அழகாக இழுத்துக் கட்டினார். அந்தக் கயிற்றின் மறுமுனையில் யார் இருந்தார் என்பது, மேலே நின்று வயலைப் பார்த்தபோதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

துரை வாய்க்காலைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"துரை!"

ஏணியின் உச்சியிலேயே மைக்கை வாங்கினார். ஓடிக்கொண்டிருந்த பாட்டோடு அவர் குரலும் சேர்ந்தது. "துரை அவர்கள் எங்கிருந்தாலும்... டேய் துரை! வாடா! வாங்கடா! துரைய்யா, வந்துருய்யா!" மரியாதையும் இல்லை, இலக்கணமும் இல்லை. "சத்தத்தக் கூட்டு, இன்னும் கூட்டு!" என்று ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்ற அண்ணியிடம் கத்தினார். அண்ணி கூட்டினார். வேப்பிலை உதிர்ந்தது. காதுகுத்த உட்கார்ந்த ஆசாரி ஊசியைப் பிடித்தபடி காதைப் பொத்திக்கொண்டார். துரை வரப்பில் ஆனந்தமாகப் போய்க்கொண்டிருந்தது. வாத்துகள் கழுத்தைத் தூக்கிவிட்டன. வாத்துக்காரர் மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

அண்ணனின் குரல் உடைந்தது. வாசற்படியில் உட்காருவதற்கு முன் உடையுமே, அதே மாதிரி.

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குப் பொறி தட்டியது. அவர் சோர்ந்து மைக்கை அணைத்ததும் வருமே! செட்டைக் கழற்றினால் வண்டியில் இருக்குமே! "அண்ணே, நிறுத்துங்க!" என்று கத்தினேன். என் குரல் என் காதுக்கே கேட்கவில்லை. ஓடிப்போய் அண்ணியின் காதில் வாயை வைத்தேன்.

"அண்ணி, செட்ட நிறுத்துங்க. நிறுத்துனா வந்துரும்!"

அண்ணி வயரைப் பிடித்து ஒரே இழுப்பு.

வயல்வெளி முழுக்க அமைதி விழுந்தது. எங்கோ ஒரு கொக்கு கத்தியது.

துரை நின்றது. ஒரு காது நிமிர்ந்தது, அப்புறம் இன்னொன்று. வாத்துகளைப் பார்க்கவே இல்லை. திரும்பி ஒரு ஓட்டம் பிடித்தது பாருங்கள்! வாய்க்காலை ஒரே தாவலில் தாண்டி, சேறு தெறிக்க, பந்தியில் போட்டிருந்த ஜமக்காளத்தின் மேலேயே ஓடி, குட்டி யானையில் குதித்து ஏறி, தன் இடத்தில் உட்கார்ந்தது. 'கிளம்பலாமா?' என்று எங்களைப் பார்த்து நாக்கைத் தொங்கவிட்டது.

குட்டியாக இருந்தபோது அது தானே கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். சத்தம் நின்றால் வண்டி கிளம்பிவிடும். சத்தம் இருக்கும் வரை அண்ணன் எங்கும் போகமாட்டார், நிம்மதியாகத் திரியலாம்.

மூச்சு வாங்க வந்த வாத்துக்காரர் வண்டியைப் பார்த்தார். அவர் முகமே மாறிவிட்டது.

"அடேங்கப்பா! ஒரே வருஷத்துல இப்புடிப் பழக்கிட்டீங்களே! நீங்க மூச்சு விடாம கத்துனப்ப வரல, கப்புன்னு நிறுத்துனீங்க பாருங்க, அதுல வந்துருச்சு. இது என்னாங்க வித்த?"

அண்ணன் ஏணியிலிருந்து இறங்கி, சேற்றோடு துரையைக் கட்டிக்கொண்டிருந்தார். அண்ணிதான் பதில் சொன்னார்: "அது வந்து... தனிப் பயிற்சிங்க."

அன்று அந்தக் காதுகுத்தில் பாட்டு போடுவதும் நிறுத்துவதுமாகவே பொழுது போனது. போட்டால் துரை இறங்கும், நிறுத்தினால் ஓடிவந்து ஏறும். ஊர் ஜனம் கைதட்டியது. இந்தக் கூத்தில் குழந்தைக்கு ஊசி ஏறியதே தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அண்ணி அந்தப் பையிலிருந்து தட்டை எடுத்துச் சோறு போட்டார்.

அதற்கப்புறம் டெஸ்டிங் அண்ணன் நாயைக் கூப்பிட வேண்டுமென்றால் ஒரு பாட்டைப் போடுவார். கொஞ்ச நேரம் அதோடு சேர்ந்து கத்துவார். அப்புறம் பட்டென்று அணைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு வாசலில் நிற்பார். அவரைப் போன்ற ஒரு மனிதர் அந்த ஒரு நிமிஷம் பேசாமல் நிற்க எவ்வளவு பாடுபட்டார் என்று எதிர் வீட்டிலிருந்து பார்த்த எனக்குத் தெரியும். முகமெல்லாம் சிவந்துவிடும். துரை தெருமுனையில் தெரிந்ததும்தான் மூச்சே விடுவார்.

இப்போது நான் தஞ்சாவூரில் மகள் வீட்டில் இருக்கிறேன். மெஷினையும் கொண்டுவந்துவிட்டேன். பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம், நாள் முழுக்கப் பாட்டு. "இந்தச் சத்தத்துல எப்புடிம்மா தைக்கிற?" என்கிறாள் மகள். சத்தம் இருந்தால் என் கால் பாட்டுக்குப் பெடலை மிதிக்கிறது. பாட்டு சட்டென்று நின்றால்தான் காலும் நின்றுவிடுகிறது. கையில் இருக்கும் துணியைப் போட்டுவிட்டு, குட்டி யானை ஏதாவது நிற்கிறதா என்று வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.