ஊருக்கே பொட்டாசியம் கொடுத்த அக்கா

மனிதனுடைய துன்பங்களுக்கெல்லாம் மூலகாரணம் ஆசை என்று சிலர் சொன்னார்கள், அறியாமை என்று சிலர் சொன்னார்கள். அவர்கள் யாரும் கோட்டைக்குப்பம் பக்கம் வந்ததில்லை. வந்திருந்தால், உண்மையான காரணம் பொட்டாசியக் குறைவுதான் என்று பொட்டாசியம் அக்கா நின்ற இடத்திலேயே விளக்கி, கையில் ஒரு வாழைப்பழத்தையும் திணித்து அனுப்பியிருப்பார்.

அப்போது நான் பழவேற்காடு கடைத்தெருவில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா, கோட்டைக்குப்பத்தில் படகு கரையேறும் இடத்தில் இறால் ஏலம் விடுபவர். அவர் குரலுக்கு மைக் தேவைப்பட்டதில்லை. சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அது ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் அவருடைய இதய வால்வு கெட்டுப்போயிருந்தது. அதற்கு டிஜாக்சின் என்ற சின்ன மாத்திரையும், கால் வீக்கத்துக்கு நீர் பிரிய ஒரு மாத்திரையும் சாப்பிட்டு வந்தார். அத்தோடு விட்டிருந்தால் ஊர் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் சென்னையில் ஒரு இளம் டாக்டர், நோயாளிக்கு எல்லாம் புரிய வேண்டும் என்ற ஆபத்தான நல்லெண்ணம் உடையவர், அக்காவை உட்கார வைத்துப் பாடம் நடத்திவிட்டார். உடம்பில் ஒவ்வொரு செல்லிலும் ஒரு பம்ப் இருக்கிறது. அது சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. பொட்டாசியம் வந்து உட்காரும் இடத்தில் டிஜாக்சின் போய் உட்கார்ந்து பம்பை மந்தமாக்குகிறது. அதனால் செல்லுக்குள் கால்சியம் சேர்ந்து இதயம் பலமாகச் சுருங்குகிறது. பொட்டாசியம் குறைந்தால் டிஜாக்சின் அளவுக்கு மேல் இடம் பிடித்துக்கொள்ளும். ஆகவே பொட்டாசியம் குறையக் கூடாது.

இதில் கடைசி வாக்கியம் மட்டும் அக்காவின் மனத்தில் நின்றது. அது தன்னைப் பற்றிய வாக்கியம் என்பது நிற்கவில்லை.

ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடிக்கிறவர்களுக்குக் கால் இழுத்துக்கொள்ளும். "பொட்டாசியம்" என்பார் அக்கா. அது ஓரளவு சரி என்பதுதான் பிரச்சினை. ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்டவரை அப்புறம் யார் நிறுத்துவது?

பக்கத்து வீட்டு மருமகன் கோபித்துக்கொண்டு காட்டூருக்குப் போய்விட்டான். அக்கா யோசனைப்படி இளநீர் அனுப்பினார்கள். அவன் இளநீரைக் குடித்துவிட்டு அங்கேயே இருந்துகொண்டான். "அப்ப ரொம்பக் கம்மியா கீது" என்றார் அக்கா.

இன்னொருவருக்குப் படகு இஞ்சின் கிளம்பவில்லை. அக்கா இஞ்சினைப் பார்க்காமல் ஓட்டுகிறவன் முகத்தைப் பார்த்து வாழைப்பழம் கொடுத்தார். கடைசியில் பார்த்தால் டேங்க்கில் டீசலே இல்லை. அக்கா அசரவில்லை. "ஒடம்புல பொட்டாசியம் இருந்திருந்தா, டீசல் போடணும்னு ஞாபகம் வந்திருக்கும்ல?"

நான் ஒருநாள் எச்சரித்தேன். "அக்கா, கிட்னி கெட்டவங்களுக்குப் பொட்டாசியம் ஏறினா இதயமே நின்னுடும். எல்லாருக்கும் குடுக்காதீங்க."

"நீ மருந்து விக்கிறவன். பழத்துலயே நோவு தீந்துட்டா உன் கடைக்கு எவன் வருவான்?"

"சரி, நீங்க சாப்பிடுறீங்களா?"

"எனுக்கு ஆவாது தம்பி. கொழகொழன்னு கீது. எளநி குடிச்சா சளி புடிக்கும்."

அந்த வருஷம் அக்காவின் தம்பி மகளுக்குக் கல்யாணம் வந்தது. கல்யாணம் முடிந்த சில நாட்களில் கடைக்கு வந்த அக்கா என் கண் இமையை இழுத்துப் பார்த்தார்.

"காமால" என்றார். "நீ மட்டும் இல்ல. குப்பமே மஞ்சளா கீது. ஒருத்தன்கூட ஏங்கிட்ட சொல்லல பாரு."

அக்கா சொல்லிவிட்டால் அப்பீல் கிடையாது. குப்பத்தைச் சுற்றி ஒரு கீழாநெல்லிச் செடி மிச்சமில்லை. நன்றாக இருந்தவர்களும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் மஞ்சள்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். விஷயம் பரவி, பொன்னேரி வியாபாரிகள் அந்தக் கரை இறாலே வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள். ஊருக்கு வராத நோய் ஊரைப் படுக்க வைத்துவிட்டது.

வியாபாரிகள் திரும்பிப் போன மறுநாள் அக்கா தன் வீட்டுக்காரரோடு வந்து கடை வாசலில் உட்கார்ந்தார். குரல் மெதுவாக இருந்தது. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

"சோறே புடிக்கல தம்பி. வாந்தி வராப்ல கீது." ஏரிப் பக்கம் கையைக் காட்டினார். "அங்க பாரு, கொக்குக்குக்கூட காமால வந்துட்ச்சி."

வெள்ளை வெளேரென்று நின்றது கொக்கு.

"அக்கா, தண்ணி மாத்திரை எத்தனை போட்டீங்க?"

"கல்யாணத்துக்குப் புதுச் செருப்பு வாங்கனேன். கால் வீங்கி நொழையல. நொழையிற வரைக்கும் போட்டேன். அப்பால நிறுத்தல."

"ஊருக்குக் காமாலை இல்லக்கா. உங்க கண்ணுக்குத்தான் மஞ்சள். அந்த மாத்திரை பொட்டாசியத்த எல்லாம் வெளிய அனுப்பிடுச்சி. சீட்டு காலின்னு டிஜாக்சின் காலை நீட்டிப் படுத்துக்கிச்சி. அது மிஞ்சினா பார்க்கிறதெல்லாம் மஞ்சளாத் தெரியும்."

ஆட்டோவில் பொன்னேரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவருடைய வீட்டுக்காரர் அக்காவின் முந்தானை நுனியைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்த டாக்டர் முகம் மாறியது. துடிப்பு மெதுவாகி, நடுநடுவே தப்பிக்கொண்டிருந்தது. டிஜாக்சினை நிறுத்தி, டிரிப் ஏற்றி, மானிட்டரில் போட்டுவிட்டு, ரத்தத்தில் பொட்டாசியம் மிகவும் குறைவு என்றார்.

"யாருக்கு?" என்று கேட்டார் அக்கா.

"உங்களுக்குத்தாம்மா."

அக்கா தலையைத் தூக்கி மானிட்டரைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, "நான் சொல்றப்ப எவனாவது நம்பினானா?" என்றார்.

துடிப்பு சீராகும் வரை டாக்டர் எங்களுக்கு நல்ல வார்த்தை சொல்லவில்லை. சீரானதும் குப்பமே வாழைத்தாரோடு வந்து இறங்கியது. நர்ஸ் வாசலிலேயே மறித்தார். டிரிப்பில் பொட்டாசியம் அளந்து போகிறது, அதற்கு மேல் ஏறினாலும் ஆபத்து என்றார். பழமெல்லாம் வார்டு முழுக்கப் போயிற்று. அக்கா படுத்தபடியே, யாருக்கு எத்தனை என்று அதிகாரம் பண்ணினார்.

வீட்டுக்கு வந்த பிறகு என்னைப் பார்த்து, "உன் கண்ணு வெளுத்துட்ச்சே, இன்னா மருந்து துன்ன?" என்று கேட்டார். குப்பத்தின் காமாலையைக் குணப்படுத்திய பெருமையும் அவரிடமே போய்ச் சேர்ந்தது. நான் மறுக்கவில்லை. வியாபாரிகள் திரும்பி வந்துவிட்டார்கள், அது போதும்.

பிறகு எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. கிளம்பும் நாளில் அக்கா பஸ் நிறுத்தத்துக்கு வந்தார். என் மணிக்கட்டைப் பிடித்து, நாடி பார்ப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். நாடி இருக்கும் இடம் அது இல்லை. அவர் கையில் கடிகாரமும் இல்லை. பஸ் வந்து, மற்றவர்கள் எல்லாம் ஏறி முடிக்கும் வரை விடவில்லை. நானும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.